நல்லூர் ஒலிவழி நடை: ஒரு சின்ன உதவி

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நல்லூர் இராசதானி நடைக்கு ஒலிப்பதிவு தயார். 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகர் அது. சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, 'ப' வடிவ யமுனா ஏரி மூன்றுமே கிட்டக் கிட்ட. சிக்கலே அதுதான். ஒவ்வோர் இடத்தையும் சுற்றிக் குறித்த வட்டத்துக்குள் போன் வந்ததும், ஜிபிஎஸ் மூலம் அந்த இடத்து விளக்கம் தானாக ஒலிக்கும். அந்த வட்டத்தை 100 மீற்றர் வைத்தால் ஒரு விளக்கம் முடியமுதல் அடுத்தது பேசத் தொடங்குது. 15 ஆக்கினால், மரநிழலில் ஜிபிஎஸ் காட்டுற இடம் விலகி ஒன்றுமே ஒலிக்காது. பற்றரி சேமிப்பு போட்ட போனில், திரை அணைந்ததும் எல்லாம் நின்றுவிடும்.

கோப்புகள் 64 கேபிபிஎஸ், நிமிடத்துக்கு அரை எம்பி, வீட்டிலேயே இறக்கலாம். வட்டத்தை எத்தனை மீற்றர் வைப்பது? இல்லை, ஜிபிஎஸ்ஸை விட்டுட்டு ஒவ்வோர் இடத்துக்கும் போட்ட இலக்கத்தை அழுத்திக் கேட்கிற முறையே நல்லதோ? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ. பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் பரிசோதனைக்கும் வேணும்.