கிட்டில் செய்த டிஜிட்டல் கடிகாரம் ஒரு நாளில் கிட்டத்தட்ட 2 மணி நேரம் பின்தங்குது, ஏன்?

பெரம்பூர் பிசிபி:
ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின நாலு இலக்க கடிகார கிட். 20 கால் ஏடி89சி2051 ஐசி, கிரிஸ்டல் (ஐசிக்கு துடிப்பு குடுக்கிற சாமான்) ஒண்ணு, 30 பிகோஃபாரட் சிரமிக் கப்பாசிட்டர் ரெண்டு, 9 கால் ரெசிஸ்டர் நெட்வொர்க், ரெண்டு பட்டன், பஸ்ஸர், 0.56 அங்குல டிஸ்ப்ளே. 5 வோல்ட் மொபைல் சார்ஜர்ல ஓடுது. காலைல 6:00 வெச்சா மறுநாள் காலை 6 மணிக்கு 4:07 காட்டுது. தினமும் இதே அளவுதான். அதோட எரியக் கூடாத செக்மென்ட் (எண்ணோட கோடு) சிலது மங்கலா எரியுது. 30 பிகோவைக் கழட்டி 22 போட்டா நேரம் சரியாகும்னு சொல்றாங்க. போடலாமா? இன்னொண்ணு, மணிக்கு மணி பீப் அடிக்குது, ராத்திரி தூங்க முடியலை.

ஈயப்பற்று:
கப்பாசிட்டரைத் தொடாதீங்க. அதை மாத்தினா ஒரு நாளைக்கு சில வினாடி முன்னே பின்னே நகரும், அவ்வளவுதான். உங்களுக்குப் போறது 1 மணி 53 நிமிஷம். 24 மணி நேரத்துல அது 7.84 சதவீதம். இப்ப 12-லேர்ந்து 11.0592-ஐக் கழிச்சு 12-ஆல வகுத்துப் பாருங்க: 0.0784. அச்சு அசலா அதே எண். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்க வேண்டிய இடத்துல 11.0592 உட்கார்ந்திருக்கு.

இந்த 8051 வகை ஐசிக்கு கிரிஸ்டலோட 12 துடிப்பு சேர்ந்தாதான் ஒரு மெஷின் சைக்கிள். 12 மெகாஹெர்ட்ஸ்னா சரியா 1 மைக்ரோ வினாடி. வழக்கமா ப்ரோக்ராம்ல 50,000 எண்ணி, அதை 20 தடவை சேர்த்து ஒரு வினாடின்னு கணக்கு வெச்சிருப்பாங்க. 11.0592-ல அதே எண்ணிக்கைக்கு 1.085 வினாடி ஆகும். பாவம், ஐசி தப்பே பண்ணலை, அது ஒழுங்காதான் எண்ணுது.

11.0592 சீரியல் போர்ட்டுக்காக வந்த எண். அதை வகுத்தா 9600 பாட்-ங்கிற சீரியல் வேகம் துல்லியமா கிடைக்கும். அதனால 8051 சாமான் இருக்கிற எந்தப் பெட்டியிலயும் ரெண்டும் கலந்து கிடக்கும். டப்பா உருவம் ஒண்ணுதான், மேல இருக்கிற எழுத்து மட்டும்தான் வித்தியாசம். மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் படிங்க. எழுத்து அழிஞ்சிருந்தா, மொபைலைப் பக்கத்துல வெச்சு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. 4 நிமிஷம் 42 வினாடி பின்தங்கினா சந்தேகமே வேண்டாம்.

கழட்டும்போது அவசரப்பட்டா பேட் (போர்டுல ஈயம் பிடிக்கிற செம்பு வட்டம்) உரிஞ்சு வந்துடும். 25 வாட் அயர்ன் போதும். முதல்ல ரெண்டு காலுக்கும் புது ஈயம் கொஞ்சம் கூட வைங்க, பழைய ஈயம் அப்பதான் சீக்கிரம் உருகும். ஒரு காலைச் சூடாக்கி டப்பாவை அந்தப் பக்கம் லேசா சாய்ங்க, அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம். நாலஞ்சு தடவை மாறி மாறி ஆட்டினா தானா வெளிய வரும். ஒரே இடத்துல 3 வினாடிக்கு மேல சூடு வைக்காதீங்க. ஓட்டை அடைஞ்சிருந்தா டீசால்டரிங் விக் (ஈயத்தை இழுக்கிற செம்புப் பின்னல்) வெச்சு உறிஞ்சிடுங்க. புது கிரிஸ்டலோட டப்பா போர்டுல ஒட்டாம 1 மில்லிமீட்டர் தூக்கி நிக்கட்டும். அடியில ஏதாவது ட்ராக் ஓடினா உலோக டப்பா ஷார்ட் பண்ணிடும்.

வேளச்சேரி விக்:
ப்ரோ, கிரிஸ்டலைக் கழட்டுறதுக்கு பதிலா ப்ரோக்ராமை மாத்திடலாமே? டைமர் 65,536 வரைக்கும் எண்ணும். ஆரம்ப எண்ணா 15,536-க்கு பதிலா 19,456 லோட் பண்ணா 46,080 எண்ணும். 11.0592-க்கு அது சரியா 50 மில்லி வினாடி.

ஈயப்பற்று:
கணக்கு சரி. ஆனா ஏடி89சி2051-ஐ போர்டுல இருக்கும்போதே எழுத முடியாது. ரீசெட் காலுக்கு 12 வோல்ட் குடுக்கிற தனி ப்ரோக்ராமர் கருவி வேணும். லாக் பிட் (ப்ரோக்ராமுக்கான பூட்டு) போட்டிருந்தா உள்ளே இருக்கிறதை படிக்கவும் முடியாது, முழுசா நீங்களே எழுதணும். ஒரு கிரிஸ்டலுக்காக இத்தனை பாடா?

ஓம் விதி:
மங்கல் செக்மென்ட்டுக்கு நான் சொல்றேன். அந்த 9 கால் ரெசிஸ்டர் நெட்வொர்க்ல ஒரு ஓரத்துல சின்னப் புள்ளி இருக்கும். புள்ளி இருக்கிற கால்தான் பொதுக்கால், அது 5 வோல்ட்டுக்குப் போகணும். திருப்பிப் போட்டுட்டா பொதுக்கால் ஒரு செக்மென்ட் லைன்ல மாட்டிக்கும். அந்த ஒரு செக்மென்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மத்த ஏழையும் சேர்த்து இழுக்கும். ஏடி89சி2051-ல பி1.0, பி1.1 ரெண்டு காலுக்கும் உள்ளே புல்-அப் (லைனை 5 வோல்ட் பக்கம் இழுக்கிற ரெசிஸ்டர்) கிடையாது, வெளிய இருக்கிற இந்த நெட்வொர்க்கைத்தான் நம்பியிருக்கு. அதனால அந்த ரெண்டு செக்மென்ட்தான் முதல்ல சொதப்பும்.

புள்ளி தெரியலைன்னா சார்ஜரைப் பிடுங்கி, ஐசியை பேஸ்லேர்ந்து எடுத்துட்டு மல்டிமீட்டர் வைங்க. பொதுக்காலுக்கும் மத்த எந்தக் காலுக்கும் நடுவுல 10கே காட்டும். மத்த ரெண்டு காலுக்கு நடுவுல 20கே. உங்க நெட்வொர்க் மேல 103-ன்னு இல்லாம 102-ன்னு எழுதியிருந்தா 1கே, 2கே.

நெட்வொர்க் சரியா இருந்தா அடுத்து ஃப்ளக்ஸ். பேஸ்ட் தடவி சால்டர் பண்ணிட்டு துடைக்காம விட்டா நம்ம ஊர் உப்புக்காத்துல அது ஈரம் இழுத்துக்கும், பக்கத்து கால்களுக்கு நடுவுல கரண்ட் கசியும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷை நனைச்சு போர்டோட பின்பக்கம் நல்லா தேய்ங்க. கிரிஸ்டல் பக்கத்துல கூடுதலா.

பீப்புக்கு: கிட்டோட காகிதத்துல மெனு இருந்தா அதுலயே ஆஃப் பண்ணலாம். இல்லைன்னா பஸ்ஸரோட ஒரு காலைத் தூக்கி விட்டுடுங்க.

பெரம்பூர் பிசிபி:
டப்பா மேல 11.0592-தான் இருக்கு சார்! நெட்வொர்க்கும் திரும்பித்தான் இருந்தது. இன்னொரு சந்தேகம்: மூணாவது இலக்கத்தோட புள்ளி மட்டும் மேல் இடது மூலையில இருக்கு. தலைகீழா வெச்சுட்டேனா? அப்புறம் கரண்ட் போனா நேரம் அழிஞ்சு 12:00-க்கு வந்துடுது.

ஓம் விதி:
மூணாவதைக் கழட்டாதீங்க. எண் நேராத் தெரிஞ்சா அது சரி. ரெண்டாவதோட கீழ்ப் புள்ளியும் திருப்பி வெச்ச மூணாவதோட மேல் புள்ளியும் சேர்ந்துதான் நடுவுல கோலன்.

அடையாறு ஆம்பியர்:
இந்த கிட்ல தனி ஆர்டிசி (நேரத்தை மட்டும் காக்கிற) ஐசி இல்லை, அதனால காசு பேட்டரி வெச்சு ஒப்பேத்த முடியாது. மொத்த சர்க்யூட்டையும் ஓட வைக்கணும். மூணு ஏஏ பேட்டரி, 4.5 வோல்ட். சார்ஜரோட பாசிட்டிவ்ல ஒரு 1என்5819, பேட்டரியோட பாசிட்டிவ்ல ஒரு 1என்5819, ரெண்டு டயோடோட வெள்ளைக் கோடு பக்கமும் சேர்ந்து போர்டுக்கு. சார்ஜர் இருக்கும்போது வோல்டேஜ் அந்தப் பக்கம் அதிகம், பேட்டரி சும்மா இருக்கும். ஐசி 2.7 வோல்ட் வரைக்கும் தாங்கும், டிஸ்ப்ளே அதுக்கு முன்னாடியே மங்கிடும். போர்டு எடுக்கிற கரண்ட்டை மீட்டர்ல பாருங்க. 50 மில்லி ஆம்பியர்னா நல்ல அல்கலைன் செல் ஒரு நாளுக்கு மேல தாங்கும். மாதாந்திர பராமரிப்பு மின்தடைக்கு அது தாராளம்.

அடுத்த கிட் வாங்கும்போது டிஎஸ்3231-ங்கிற ஆர்டிசி ஐசி இருக்கிறதா பார்த்து எடுங்க. டிஎஸ்1307-ங்கிற இன்னொரு ஆர்டிசில வெளிய மாட்டுற 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியைத் தாண்டினா மெதுவாகும். மே மாச மதியம் அறை 40 டிகிரின்னா வெயிலுக்கு மட்டுமே நாளைக்கு 0.66 வினாடி போயிடும். டிஎஸ்3231 சூட்டைத் தானே அளந்து திருத்திக்கும், 0-லேர்ந்து 40 டிகிரி வரை பிழை 2 பிபிஎம் (பத்து லட்சத்துல 2 பங்கு), வருஷத்துக்கு ஒரு நிமிஷம். ஒரு எச்சரிக்கை: மலிவா கிடைக்கிற அந்த நீல மாட்யூல்ல பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் ஆகாத சிஆர்2032 போட்டா உப்பிடும், அதனால அந்த ரெசிஸ்டரைக் கழட்டிட்டுப் போடுங்க.

பெரம்பூர் பிசிபி:
12 மாத்தியாச்சு. மங்கலும் போயிடுச்சு. ஒரு நாளைக்கு இப்ப 3 வினாடி முன்னே ஓடுது.

ஈயப்பற்று:
35 பிபிஎம். இப்பதான் கப்பாசிட்டர் வேலை. 30 பிகோ ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டு, அதிகபட்சம் 50 பிகோ வரை போற ட்ரிம்மர் (திருப்பி அளவை மாத்துற கப்பாசிட்டர்) போடுங்க. கூட்டினா மெதுவாகும். மல்டிமீட்டரையோ ஸ்கோப்பையோ கிரிஸ்டல் கால்ல வெச்சுப் பார்க்காதீங்க, ப்ரோப் தன் பங்குக்கு சில பிகோ சேர்த்து அளவையே மாத்திடும். கொஞ்சம் திருப்பி, 7 நாள் விட்டு மொபைலோட ஒப்பிடுங்க. 7 நாள்ல 1 வினாடின்னா 1.65 பிபிஎம்.