வீடு மாறுகிறோம்: செட்டாப் பாக்ஸில் பதிந்து வைத்தவற்றை எப்படிக் காப்பது? புதிய வீட்டுக்கு எந்த இணைப்பு பொருந்தும்?

கேள்வி – மார்த்தாண்டத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் 11 ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த மாதம் நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்துக்குக் குடிபோகிறோம். பால் காய்ச்சுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. பாத்திரம் பண்டங்களை எப்படிக் கொண்டுபோவது என்பதில் எனக்குக் கவலை இல்லை; தொலைக்காட்சிப் பெட்டியோடு இருக்கும் பழைய டி.டி.எச். ரெக்கார்டரைப் பற்றித்தான் கவலை.

நான் செவிலியர். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், மாலைச் செய்தியையும் விவாதங்களையும் பதிந்து வைத்துத்தான் பார்ப்பேன். மாமியார் தமிழ்த் தொடர் இரண்டும் மலையாளத் தொடர் ஒன்றும் தவறாமல் பார்ப்பார். உள்ளேயே 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டி என்பதால் இத்தனை காலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதில் ஒரு பதிவு மட்டும் எங்களுக்கு விலைமதிப்பற்றது. 2016-இல் ஒரு வேளாண் நிகழ்ச்சியில் என் தந்தையார் திருவட்டாறு பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் நின்றுகொண்டு மட்டி வாழையைப் பற்றி ஏறத்தாழ 20 நிமிடம் பேசியிருக்கிறார். கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பழத்தை ஏன் கைவிடக்கூடாது என்று அவர் அதில் சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்கு 79 வயது. தோட்டத்துக்குப் போக முடியாத நாள்களில் அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்பார்.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, புதிய பெட்டி வாங்கினால் பழைய பதிவுகள் அதற்கு வராது என்றார்கள். புதிய வீட்டின் உரிமையாளரோ, மொட்டைமாடியில் ஆளுக்கொரு டிஷ் வைக்க விடமாட்டோம் என்றும், பால்கனியில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் குடியிருப்பின் பொது டிஷ்ஷிலிருந்து கேபிள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பழைய பெட்டியையே கொண்டுபோவதா, புதிய சேவைக்கு மாறுவதா, தந்தையாரின் பதிவை எப்படி எடுப்பது? மாமியார் அறையில் அரசு கேபிள் பெட்டி ஒன்றும் இருக்கிறது; அதையும் கொண்டுபோகலாமா? தெரிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் – தக்கலையிலிருந்து

சகோதரி, இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக டிஷ் பொருத்தும் வேலை செய்துவருகிறேன். நீங்கள் சேவையைப் பற்றி முதலில் கேட்கிறீர்கள். நான் கூரையைப் பற்றி முதலில் கேட்பேன். எந்த நிறுவனம் நல்லது என்பதைவிட, அந்த வீட்டிலிருந்து எந்தச் செயற்கைக்கோள் தெரியும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே மட்டுமே இருக்கிறது. அதனால் செயற்கைக்கோள்கள் நமக்கு ஏறத்தாழ உச்சிவானத்தில் நிற்கின்றன. டாடா பிளே பயன்படுத்தும் செயற்கைக்கோள் நிற்கும் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நிலையை நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில் அடிவானத்திலிருந்து சுமார் 78 பாகை உயரத்தில் இருக்கும். டி.டி. ஃப்ரீ டிஷ் உள்ள 93.5 பாகை நிலை சுமார் 69 பாகை உயரம். ஏர்டெல் பயன்படுத்தும் 108.2 பாகை நிலைதான் இவற்றில் தாழ்ந்தது. அது கிழக்குத் திசையில் சுமார் 53 பாகை உயரத்தில் இருக்கும். டில்லியில் 83 பாகை நிலைகூட 56 பாகை உயரத்தில்தான் தெரியும். அங்கே பால்கனியில் வைத்த டிஷ் வேலை செய்தது என்று யாராவது சொன்னால், அதை இங்கே அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இதனால் நமக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. தென்னை நிறைந்த ஊரில் உச்சிவானம் பெரிய நன்மை. டிஷ்ஷின் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரமுள்ள தென்னை, 83 பாகை நிலையை மறைக்க வேண்டுமென்றால் அது டிஷ்ஷிலிருந்து சுமார் 4 மீட்டருக்குள் நிற்க வேண்டும், 108.2 பாகை நிலையை மறைக்கவோ 15 மீட்டர் தள்ளி நின்றாலே போதும். தீமை பால்கனியில்தான். மேல்தளத்தின் பால்கனி உங்கள் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும்போது, 78 பாகை உயரத்தில் உள்ளதைக் கீழிருந்து எப்படிப் பார்ப்பது? கான்கிரீட்தான் தெரியும். பால்கனி கிழக்கு நோக்கி இருந்து, கம்பிக்கு வெளியே நீட்டி டிஷ்ஷைப் பொருத்த முடிந்தால் 108.2 பாகை மட்டும் ஒருவேளை கிடைக்கலாம். பால்கனியை நம்பி எந்த இணைப்புக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். டெக்னீஷியன் வந்து சிக்னல் மீட்டரில் பார்த்துச் சொன்ன பிறகு கட்டுங்கள்.

பொது டிஷ் என்றால் உரிமையாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த டிஷ் எந்த நிறுவனத்தின் செயற்கைக்கோளை நோக்கியிருக்கிறது? உங்கள் வீட்டுக்கு எத்தனை கேபிள் தருவார்கள்? ஒன்றைப் பதிந்துகொண்டே வேறொரு சேனலைப் பார்க்கும் ரெக்கார்டருக்கு உள்ளே சேனலைப் பிடிக்கும் ட்யூனர்கள் இரண்டு இருக்கும். அதற்கு இரண்டு கேபிள் வேண்டும். மார்த்தாண்டம் வீட்டில் உங்கள் பெட்டியின் பின்னால் பாருங்கள், இரண்டு கேபிள் செருகியிருக்கும். ஒன்று மட்டுமே கொடுத்தால் பெட்டி இயங்கும், ஆனால் பதிவு நடக்கும்போது நினைத்த சேனலுக்கு மாற்ற முடியாது. மாமியாருக்கும் உங்களுக்கும் அங்கேதான் இடைஞ்சல் வரும்.

அரசு கேபிள் பெட்டி அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தின் உடைமை. அதை மார்த்தாண்டத்தில் உங்களுக்கு இணைப்புக் கொடுத்த ஆபரேட்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் – குளச்சலிலிருந்து

அக்கா, பெட்டியைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்த ஒரு பதிவை மட்டும் நகல் எடுத்துவிடலாம் அல்லவா? பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து நான் அப்படித்தான் புகைப்படங்களை மீட்டேன்.

பதில் – நாகர்கோவிலிலிருந்து

குளச்சல் தம்பி நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் சகோதரி அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டி.டி.எச். ரெக்கார்டர் தன் பதிவுகளை மறையாக்கம் செய்தே சேமிக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்தப் பெட்டியோடும் அதிலுள்ள கார்டோடும் பிணைந்தது. யூ.எஸ்.பி. வழியாக வெளி ஹார்டு டிஸ்க்கில் பதியும் பெட்டிகளிலும் இதே நிலைதான். அந்த டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினால் பதிவு ஓடாது. கம்ப்யூட்டரில் மாட்டும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த டிஸ்க்கின் அமைப்பைப் புரிந்துகொள்ள முடியாமல், இதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் ஐயாவின் குரல் போய்விடும்.

பாதுகாப்பான வழி ஒன்றே. பெட்டி பதிவை ஓடவிடும்போது, அதன் பின்னால் உள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகளின் வழியாக வெளிவரும் படத்தையும் ஒலியையும் மறுபடி பதிவு செய்வது. எச்.டி.எம்.ஐ. துளையில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இருக்கும், ஏ.வி. எனப்படும் இந்தப் பழைய மூன்று துளைகளில் அந்த எச்.டி.எம்.ஐ. பூட்டு கிடையாது. யூ.எஸ்.பி. வீடியோ கேப்சர் என்று சொன்னால் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு சிறிய கருவி தருவார்கள். மூன்று வயர்களையும் அதில் செருகி, கருவியை லேப்டாப்பில் மாட்டி, பதிவை ஓடவிட வேண்டியதுதான். 20 நிமிடப் பதிவுக்கு 20 நிமிடம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. படம் 720-க்கு 576 புள்ளி அளவில்தான் வரும், எச்.டி. தெளிவு இருக்காது. இருந்தாலும் முகமும் குரலும் நன்றாகவே கிடைக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: இந்த வேலையை வீடு மாறுவதற்கு முன்பே, பெட்டி பழகிய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். அதுவரை ரீசார்ஜ் தீர்ந்துபோக விடாதீர்கள். கணக்கு உயிரோடு இல்லாதபோது என்னுடைய பெட்டி பழைய பதிவுகளைக்கூடத் திறக்க மறுத்தது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து – மீண்டும்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கருவி வாங்கி இன்று முயன்று பார்த்தேன். படமும் ஒலியும் வருகின்றன. ஆனால் படத்தின் குறுக்கே மங்கலான ஒரு பட்டை கீழிருந்து மேலாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒலியிலும் இடைவிடாத ஓர் இரைச்சல் கேட்கிறது. தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க் பழுதாகிவருகிறதா என்று பயமாக இருக்கிறது.

பதில் – நாகர்கோவிலிலிருந்து

பயப்பட வேண்டாம். ஹார்டு டிஸ்க் பழுதானால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும், பட்டை நகராது. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுக்கொண்டு பதிந்தீர்களா? சார்ஜரும் செட்டாப் பாக்ஸும் வெவ்வேறு மின்இணைப்பில் இருக்கும்போது, இரண்டின் தரை மின்னழுத்தத்துக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு ஏ.வி. வயர் வழியாக ஓடி, இப்படிப் பட்டையாகவும் இரைச்சலாகவும் வெளிப்படும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே பதியுங்கள். அதன் பிறகும் இரைச்சல் இருந்தால், தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரையும் அந்த 20 நிமிடத்துக்குக் கழற்றி வையுங்கள்.

பதில் – தக்கலையிலிருந்து

அது சரியாகும்வரை, பெட்டியைக் கொண்டுபோவது பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் பலர் தவறு செய்கிறார்கள். உள்ளே சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் தூக்கவே கூடாது. ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. அப்போதும் பெட்டி உறங்குநிலையில் இருந்துகொண்டு குறித்த நேரத்தில் பதியத் தொடங்கிவிடும். சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, சூடு ஆறிய பிறகு துணியில் சுற்றி எடுங்கள். லோடு வண்டியில் பீரோவுக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே ஏற்றாமல், நீங்கள் போகும் காரில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். சாலையின் குலுக்கலை மெத்தைகூட முழுவதும் தாங்காது, மடி தாங்கும்.

கழற்றுவதற்கு முன் மெனுவில் சிக்னல் வலிமை, தரம் என்ற இரண்டு எண்களையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். புது வீட்டில் பொருத்தியதும் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரம் வெகுவாகக் குறைந்திருந்தால் டெக்னீஷியனை அனுப்பிவிடாமல் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் உண்டு. வெயிலில் தட்டுத்தடுமாறிக் கிடைக்கும் சிக்னல், கனமழையில் நிச்சயம் அறுந்துபோகும். பதிவும் பாதியில் நின்றுபோகும். பழைய கேபிளின் முனையிலுள்ள திருகு பச்சை பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். குளச்சல் தம்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்; கடற்காற்றுப் படும் வீடுகளில் டிஷ்ஷைவிட அந்தத் திருகுதான் முதலில் கெடும்.

பதில் – கருங்கலிலிருந்து

நான் சேவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாமியார் பார்க்கும் தொடர்களைப் பதிய வேண்டிய தேவையே இப்போது குறைந்துவிட்டது. சன் டி.வி., சூர்யா தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய், ஏசியாநெட் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-இலும் பிறகு பார்க்கக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் இரண்டு மொழித் தொடர்களையும் அம்மா இப்படித்தான் பார்க்கிறார். ஆனால் உங்கள் விவாத நிகழ்ச்சிகளும் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளும் எல்லா நாளும் முழுமையாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அவற்றுக்குத்தான் ரெக்கார்டர் வேண்டும். ஆகவே ஒரே பெட்டி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நினைக்காமல், தொடருக்கு இணையம், செய்திக்குப் பதிவு என்று பிரித்துக்கொண்டால் ஒற்றைக் கேபிளும் போதுமானதாக இருக்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து – மூன்றாம் முறை

சார்ஜரைக் கழற்றியதுமே பட்டையும் இரைச்சலும் மறைந்துவிட்டன. தந்தையாரின் நிகழ்ச்சி முழுவதும் பதிந்தாகிவிட்டது. லேப்டாப்பில் ஒன்று, தம்பியின் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று மூன்று நகல் வைத்திருக்கிறேன். பென் டிரைவை எடுத்துக்கொண்டு திருவட்டாறுக்குப் போய், அவருடைய தொலைக்காட்சியிலேயே செருகிக் காட்டினேன். நம் வீட்டுக்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்ற நிலை இனி அவருக்கு இல்லை.

உரிமையாளரிடம் கேட்டதில், பொது டிஷ் எங்கள் நிறுவனத்தின் செயற்கைக்கோளையே நோக்கியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு கேபிள் ஏற்கெனவே வருகிறது. இரண்டாவதை எங்கள் செலவில் இழுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். எனவே பழைய பெட்டியையே முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்துக் கொண்டுபோகிறோம். பால்கனி மேற்கு நோக்கியது. தக்கலை அண்ணன் சொல்லியிராவிட்டால் அங்கே டிஷ் வைக்கப் பணம் கட்டியிருப்பேன். அரசு கேபிள் பெட்டியை நேற்று ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இரண்டாவது கேபிளை மொட்டைமாடியிலிருந்து இரண்டு தளம் இறக்க ஏறத்தாழ 25 மீட்டர் வேண்டியிருக்கிறது. அவ்வளவு நீளத்தில் சிக்னல் குறையுமா?

பதில் – தக்கலையிலிருந்து

குறையும், ஆனால் பெட்டி தாங்கும் அளவுக்குத்தான். ஆர்.ஜி.6 என்ற வகை டிஷ் கேபிளை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். சுவரின் மூலையில் செங்குத்தாக மடிக்காமல் வளைவாகத் திருப்ப வேண்டும். வெளிச்சுவரில் முனை நுழையும் இடத்துக்கு முன்பாகக் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. பால் காய்ச்சுக்கு முந்தின நாளே கேபிள் வேலையை முடித்துவிடுங்கள், அன்றைக்கு வீட்டில் ஏணி நிற்க இடம் இருக்காது.