இடுப்பு இம்ப்ளான்ட் சிமுலேஷன்: மெஷ் சின்னதாக ஆக ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது, உதவுங்கள்

வியாசை மெக்கானிக்கல்:
கடைசி வருட ப்ராஜெக்ட். தொடை எலும்புக்குள் இறக்கும் இடுப்பு ஸ்டெம், டைட்டானியம் கலவை (அலுமினியம் 6, வனேடியம் 4). இந்த ஸ்டெம்களின் தாங்குதிறனுக்கான ஐஎஸ்ஓ 7206-4 சோதனையைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறேன். பந்தின் மையத்திலிருந்து 80 மி.மீ.க்குக் கீழே உள்ள ஸ்டெம் முழுவதையும் ஃபிக்ஸ் செய்துவிட்டு, பந்தின் மேல் 2300 நியூட்டன் கொடுத்தேன். கழுத்து தோளிலிருந்து எழும்பும் இடத்தில், வெளிப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. 2 மி.மீ. மெஷ்ஷுக்கு (மாடலைப் பிரிக்கும் கட்டங்களின் அளவு) அங்கே ஸ்ட்ரெஸ் 410 மெகாபாஸ்கல். 1 வைத்தால் 560, 0.5க்கு 770, 0.25க்கு 1050. அந்தக் கடைசி ரன்னுக்குள் வியாசர்பாடியில் இரண்டு தடவை கரண்ட் போய், முதலிலிருந்து ஓட்டினேன். ஈல்டு, அதாவது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ், 795தான். டிசைன் உடையும் என்று எழுதிவிடலாமா? வெள்ளிக்கிழமை ரிவியூ.

கல்மண்டபம்:
கோபால்ட் குரோம் போட்டுப் பாருங்கள் ப்ரோ, அது கெட்டி.

பெரம்பூர் பழையவர்:
மெட்டீரியலை மாற்றினாலும் இந்த நம்பர் நிற்காது தம்பி. லோடும் வடிவமும் அதேதானே. நான் ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலையில் போகி ஃப்ரேம் (சக்கரங்களைப் பிடிக்கும் சட்டம்) பார்த்து ரிட்டயர் ஆனவன். உன் நம்பர்களை வகுத்துப் பார்: மெஷ் பாதியாகும்போதெல்லாம் சுமார் 1.37 மடங்கு. இது 90 டிகிரி உள்மூலையின் கைரேகை. கூர்மையான உள்மூலையில் கணக்குப்படி ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே இல்லை, மெஷ்ஷைக் குறைக்கக் குறைக்க ஏறும். வோலர் என்ற ஜெர்மன் என்ஜினியர் அந்தக் காலத்தில் ரயில் அச்சு உடைவதை வைத்துத்தான் ஃபடீக் (திரும்பத் திரும்ப ஏறும் லோடில் உலோகம் களைத்து உடைவது) சோதனையை முறைப்படுத்தினார். அச்சில் தோள் வரும் இடத்தில் ஃபில்லட் (மூலையை உருட்டிவிடும் வளைவு) இல்லாமல் எவனும் கடையமாட்டான். உன் டிராயிங்கில் இருக்கிறதா?

வியாசை மெக்கானிக்கல்:
இருக்கிறது ஐயா, 1.5 மி.மீ. மெஷ் விழவில்லை என்று நான்தான் நீக்கினேன். திரும்பப் போட்டு மெஷ்ஷைக் குறைத்துக்கொண்டே போனேன்: 498, 505, 507. நின்றுவிட்டது! ஆனால் இப்போது ஃபிக்ஸ் செய்த விளிம்பில் ஒரு சிவப்பு, அதுவும் ஏறுகிறது.

மணலி சால்வர்:
அதுவும் போலிதான். உலகத்தில் எந்த சிமென்ட்டும் ஸ்டெம்மை அப்படி இம்மியும் அசையாமல் பிடிக்காது. ஸ்டெம்மைச் சுற்றி சிமென்ட் கட்டியையும் மாடலில் போடுங்கள், விறைப்பு 3 ஜிகாபாஸ்கல் போதும். டைட்டானியம் 110 என்பதால் அது ரப்பர் மாதிரி தெரியும், பயப்படவேண்டாம். ஃபிக்ஸ் செய்வது கட்டியின் வெளிப்புறத்தை மட்டும்.

அப்புறம் 507ஐ ஈல்டோடு ஒப்பிட்டு 'பாஸ்' என்று எழுதாதீர்கள். நிஜ மெஷினில் 50 லட்சம் தடவை லோடு ஏறி இறங்கும். 5 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 11 நாளைத் தாண்டும். லோடு 300க்கும் 2300க்கும் நடுவில் ஆடுவதால் உங்கள் புள்ளியில் சராசரி 287, ஆட்டம் 220. குட்மேன் கணக்கில் ஆட்டத்தை ஃபடீக் எல்லை 500ஆலும், சராசரியை இழுத்தால் உடையும் வலிமை 860ஆலும் வகுத்துக் கூட்டவேண்டும், ஒன்றைத் தாண்டினால் ஆபத்து: 220/500 + 287/860 = 0.77. ஒன்றுக்குக் கீழே, பரவாயில்லை. ஆனால் அந்த 500 பாலிஷ் போட்ட கம்பிக்கு. லேசரில் நம்பர் பொறித்த இடத்தில் அது நிறையவே விழும். 300 என்று வைத்துப் பாருங்கள், 1.07. கழுத்தில் லேசர் பொறித்த இடத்திலிருந்தே விரிசல் தொடங்கி உடைந்த ஸ்டெம்கள் உண்டு.

வியாசை மெக்கானிக்கல்:
அக்கா, டிராயிங்கைத் திறந்து பார்த்தேன். சீரியல் நம்பர் கழுத்தின் வெளிப்பக்கம், ஃபில்லட்டை ஒட்டியே இருக்கிறது. உட்பக்கத்துக்கு மாற்றவா?

மணலி சால்வர்:
உட்பக்கம் அமுக்கம்தான், இருந்தாலும் வேண்டாம். தோளின் மேல் முகத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே உங்கள் படத்தில் நீலமாகத்தான் இருக்கும்.

பெரம்பூர் பழையவர்:
பழைய நாலு நம்பரையும் அழிக்காதே. ரிவியூவில் முதல் ஸ்லைடே அதை வை. ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கு.