சீனப் பிக்கப் ஓட்டியவர்கள் மட்டும் வாருங்கள்

கப்பலூர் பட்டறை:

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் பாதிப் பேர் போனில் ஒரு வண்டிப் படத்தைக் காட்டி, "இது நம்ம ஊருக்கு எப்பண்ணே வரும்?" என்று கேட்கிறார்கள். நான் பார்ப்பது பொலேரோ பிக்கப், குட்டி யானை, எப்போதாவது ஒரு இசுசு வி-கிராஸ். கையால் தொட்டு வேலை பார்க்காத வண்டியைப் பற்றி நான் என்ன சொல்ல?

அதனால் ஓட்டியவர்கள் எழுதுங்கள். கிரேட் வால் போயர், மேக்சஸ் டி60, ஃபோட்டான் டன்லேண்ட், ஜேஏசி டி8, எதுவானாலும் சரி. வீடியோ பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஷோரூமில் எப்படி இருந்தது என்பது எனக்கு வேண்டாம். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு கதவு எப்படிச் சாத்துகிறது, பாகம் கிடைக்கிறதா, அதைச் சொல்லுங்கள். ஒரு கண்டிஷன்: குறை சொன்னால் நீங்கள் வேலை பார்த்த கம்பெனி பெயர் போடாதீர்கள். இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கு வம்பு.

ரியாத் ரிட்டர்ன்:

அண்ணே, நான் உசிலம்பட்டி. சவூதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சைட் டிரைவர். முதலில் எல்லாம் டொயோட்டா ஹைலக்ஸ்தான். அப்புறம் சூப்பர்வைசர்களுக்கு என்று பின்சீட்டும் உள்ள சீன டபுள் கேபின் பிக்கப்களை மொத்தமாக இறக்கினார்கள். கம்பெனி பெயர் போடவில்லை, சொன்னபடி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. அந்த மூன்று மணி நேரம் டிரைவருக்கு வண்டிதான் வீடு. சீன வண்டியில் பின்சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் இருந்தது, சீட்டும் நன்றாகச் சாய்ந்திருக்கும். எங்கள் பழைய ஹைலக்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் முதுகு சுவரில் ஒட்டின மாதிரி நிமிர்ந்தே இருக்கும். மத்தியானத் தூக்கத்துக்கு எந்த வண்டி என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். இழுவையும் குறை சொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் கியர், சிமெண்ட் மூட்டையோடு மணல் மேட்டில் ஏறும்போதும் திணறாது.

தொல்லை கொடுத்தது எலக்ட்ரானிக்ஸ். பாலைவன ரோட்டில் ஓரமெல்லாம் மணல் மூடிக் கிடக்கும். வெள்ளைக் கோடு கொஞ்ச தூரம் தெரியும், கொஞ்ச தூரம் காணாது. வண்டியோ கோட்டைப் பார்த்து ஓடப் பழகியது. கோடு வளைகிற மாதிரி மணல் கிடந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டும். நாம் எதிர்த்துப் பிடித்தால் கீ கீ என்று கத்தும். சரி, அணைத்துவிடலாம் என்றால் ஸ்கிரீனில் மூன்று பக்கம் உள்ளே போக வேண்டும். இன்ஜினை நிறுத்தி மறுபடி போட்டால் தானாக உயிர் பெற்றுவிடும். தினமும் காலையில் சாமி கும்பிடுகிறோமோ இல்லையோ, அந்த மெனுவுக்குள் போய்வந்துதான் வண்டியை எடுப்போம்.

அடுத்தது பாகம். ஒரு நாள் லோடர்காரன் ரிவர்ஸில் வந்து இடது கண்ணாடியைப் பெயர்த்துவிட்டான். ஹைலக்ஸ் கண்ணாடி என்றால் சனையாவுக்கு, அதாவது பட்டறைகளும் பாகக் கடைகளும் இருக்கும் பகுதிக்கு, போனால் அன்று சாயங்காலமே மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஒரிஜினல், டூப்ளிகேட், பழசு, மூன்று விலையில் இருக்கும். இந்தக் கண்ணாடிக்குள் கேமரா இருக்கிறது. ஷோரூமில் ஆர்டர் போடச் சொன்னார்கள். அது வந்து சேர்வதற்குள் டேப் சுற்றிக் கட்டிய கண்ணாடியோடு வாரக்கணக்கில் ஓட்டினேன். ஸ்கிரீனில் நான்கு பக்கக் காட்சியில் ஒரு பக்கம் மட்டும் வானம் தெரியும்.

கப்பலூர் பட்டறை:

தம்பி, இதுதான் நான் கேட்டது. லட்சம் தாண்டியதா? இன்ஜினைப் பிரித்தார்களா?

ரியாத் ரிட்டர்ன்:

தாண்டியது. இன்ஜினில் கை வைக்கவில்லை அண்ணே. முன்பக்க சஸ்பென்ஷன் கையின் ரப்பர் புஷ் மாற்றினார்கள், ஒரு வீல் பேரிங், ஏசி கண்டென்சர். டர்போ குழாயில் ஒரு கிளிப் கழன்று ஒருமுறை இழுவை போனது, அது பத்து நிமிட வேலை.

கப்பலூர் பட்டறை:

புஷ்ஷும் பேரிங்கும் எந்த வண்டியும் தின்னும். அதைக் குறையாக எடுக்க மாட்டேன்.

அண்ணாநகர் அம்மா:

பெண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். எங்கள் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். மாப்பிள்ளை கிரேட் வால் வண்டிதான் வைத்திருக்கிறார். போயர் என்று நீங்கள் சொல்வதை அங்கே கேனன் என்ற பெயரில் விற்கிறார்கள். ஏர்போர்ட்டுக்கு அழைக்க வந்தபோது, ஏதோ கம்பெனி லாரியை இரவல் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். புடவையோடு ஏறுவதற்கு ஒரு கலை வேண்டும்: முதலில் கைப்பிடி, பிறகு படியில் வலது கால், அதற்குள் முந்தானை கதவில் மாட்டாமல் இடது கையில் சுருட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஏறிவிட்டால் சொகுசுதான், காரில் போவது போலவே இருக்கிறது.

நான் கேட்டேன், "ஏன் மாப்பிள்ளை, ஜப்பான் வண்டி வாங்கியிருக்கலாமே?" அவர் கணக்கை எடுத்துவிட்டார். அதே வசதியோடு ஜப்பான் வண்டி வாங்கப் போனால் விலை எங்கேயோ நிற்கிறதாம். இதற்கு ஏழு வருட வாரண்டி, கிலோமீட்டர் கணக்கு இல்லை. அவர் எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவர் இல்லை. கிரேட் வால் அந்த ஊருக்குள் 2009-ல் நுழைந்தபோது கொண்டுவந்த வி240 பிக்கப் மோதல் சோதனையில் இரண்டே ஸ்டார்தான் வாங்கியதாம். 2012-ல் இன்னொரு கூத்து. இன்ஜின், சைலன்சர் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து, கிரேட் வாலும் செரி என்ற இன்னொரு சீனக் கம்பெனியும் சேர்த்து 23,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. அப்படிப்பட்ட கம்பெனியின் கேனன் 2021-ல் அதே சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியிருக்கிறது. "பழைய கதையைக் கேட்டுப் பயந்தவர்கள் வாங்கவில்லை அத்தை, நான் புதுக் கதையைப் பார்த்தேன்" என்றார். பேச்சில் யாரும் அவரை ஜெயிக்க முடியாது.

எனக்கு ஒரே வருத்தம், அத்தனை பெரிய வண்டியில் கொத்தமல்லியும் பாலும் வாங்கப் போவதுதான். பின்னால் பாடியில் நான் பார்த்தவரை ஒரு பார்பிக்யூ அடுப்பைத் தவிர எதுவும் ஏறவில்லை.

வாடிவாசல் 23:

அண்ணே நான் அலங்காநல்லூர் பக்கம். சுருக்கமாக ஒரு கேள்வி. காளை ஏற்றலாமா?

கப்பலூர் பட்டறை:

ஏற்றலாம், வாலை வெளியே விட்டுவிட்டு. மாப்ள, டபுள் கேபினில் பாடி நீளம் ஐந்தடி சொச்சம்தான். பொலேரோவில் எட்டடி, ஒன்பதடி என்று வாங்கிப் பழகிய உனக்கு அது மாட்டுக்குத் தொட்டி மாதிரிதான் தெரியும். காளை நிற்கவே இடம் போதாது, பிடிக்கிறவன் எங்கே நிற்பான்? தரையிலிருந்து உயரமும் அதிகம், பலகை போட்டு இறக்கினால் காளை சறுக்கும். நம் ஊரில் பிக்கப் என்றால் மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை, பரவைக்குத் தக்காளி, ஒரு நடை போனால் ஒரு நடைக்கு வாடகை. இந்த வண்டிகளின் கணக்கு வேறு. பாதி கார், பாதி லோடு. விலையில் மட்டும் முழுக் கார்.

மேலூர் கல்:

2012-ல் எங்கள் பக்கம் கிரானைட் குவாரிகளை மூடிய பிறகு கல் வேலை தெரிந்த பல பேர் ஆப்பிரிக்கா போனோம். நான் போனது ஜிம்பாப்வே, முட்டோகோ பக்கம், கறுப்புக் கல் குவாரி. அங்கே எனக்குக் கொடுத்தது ஃபோட்டான் டன்லேண்ட். சீன வண்டி என்றதும் முகம் சுளித்தேன். பானெட்டைத் திறந்து காட்டினார்கள்: கம்மின்ஸ் 2.8 லிட்டர் டீசல். குவாரியில் ஜெனரேட்டரிலும் கம்ப்ரசரிலும் பார்த்துப் பழகிய பெயர். கியர்பாக்ஸ் கெட்ராக், ஆக்சில் டானா. சீனாக்காரன் ஊர் ஊராகப் போய் நல்ல பாகமாகப் பொறுக்கி வந்து பூட்டியிருந்தான். இழுவைக்கு நான் உத்தரவாதம். டயர் வெடித்திருக்கிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது, இன்ஜின் ஒருநாளும் என்னை நடக்க விடவில்லை.

பட்டறைக்கார அண்ணனுக்கு ஒன்று: இந்த டிஜிட்டல் சமாசாரம் எதுவும் அதில் கிடையாது. அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

பைபாஸ் பையன்:

டீசலை விடுங்கண்ணே. சீனக் கம்பெனி பிஒய்டியின் ஷார்க் பிக்கப்பைப் பாருங்கள், 2024 மே மாதம் மெக்சிகோவில் இறக்கினார்கள். 1.5 லிட்டர் பெட்ரோல் டர்போ, கூட ரெண்டு மோட்டார். வண்டியிலிருந்தே 6.6 கிலோவாட் கரண்ட் எடுக்கலாம். எங்கள் மாமா மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டரே வேண்டாம்! பிஒய்டிக்கு ஸ்ரீபெரும்புதூரில் பிளாண்ட் இருக்கிறதே, ஏன் இங்கே விற்க மாட்டேன் என்கிறார்கள்?

கப்பலூர் பட்டறை:

ஓட்டியவர்கள் மட்டும் என்று தலைப்பிலேயே போட்டேன். பரவாயில்லை, மைக் செட் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியக் கணக்குப்படி ஷார்க் ஏற்றும் எடை 790 கிலோ, ஆளையும் சேர்த்து. மாமாவுடைய பாக்ஸ், ஆம்ப், சீரியல் செட், வேலையாட்கள் எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டு வா. இங்கே ஏன் விற்கவில்லை என்பதற்கும் வருகிறேன்.

கிரேட் வால் ஒரு காலத்தில் வரத்தான் பார்த்தது. 2020 ஜனவரியில் மகாராஷ்டிராவில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸின் தலேகாவ்ன் ஃபேக்டரியை வாங்க ஒப்பந்தம் போட்டது, அடுத்த மாதம் ஆட்டோ எக்ஸ்போவில் தன் ஹவால் கார்களை நிறுத்திக் காட்டியது. ஏப்ரலில், நம்மோடு நிலவழி எல்லை உள்ள நாடுகளிலிருந்து (சீனாவும் அதில் ஒன்று) முதலீடு வந்தால் முன்அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அனுமதிக்குக் காத்திருந்தே 2022 ஜூனில் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. அந்த ஃபேக்டரி பிறகு ஹூண்டாய் கைக்குப் போனது. அதனால் போயர் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. டபுள் கேபின் ஆசை இருந்தால் இப்போதைக்கு வி-கிராஸ், இல்லையென்றால் 2022-ல் வந்த ஹைலக்ஸ்.

நாளைக்கே வந்தாலும் நான் முதலில் கேட்கப்போவது, மதுரையில் பாகம் வைத்திருக்கும் கடை எது என்றுதான். ரியாத் தம்பியின் கண்ணாடிக் கதையைப் படித்த பிறகு இன்ஜினைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது, கண்ணாடியைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

ரியாத் ரிட்டர்ன்:

ஒன்று விட்டுப்போச்சு. விற்கும்போது கம்பெனி ஹைலக்ஸ்களைத்தான் ஆட்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். சீன வண்டிகள் யார்டில் வரிசையாக நின்றன.

கப்பலூர் பட்டறை:

அதையும் குறித்துக்கொண்டேன். டி8 ஓட்டியவர் யாரும் இன்னும் வரவில்லை. இருந்தால் எழுதுங்கள், கியர் ஆயில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து. மேலூர் அண்ணே, அந்த கம்மின்ஸுக்கு டீசல் ஃபில்டர் எங்கே வாங்கினீர்கள்?