பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் மடக்குக் கத்தி வாங்கும் முன்

பத்துப் பதினைந்து பவுண்டில் நல்ல மடக்குக் கத்தி எது என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். பார்சல் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, பையில் ஒன்று கிடக்கட்டும் என்கிற எண்ணம். நியாயமான ஆசைதான். சட்டைப் பையில் பேனாவோடு பேனாக்கத்தியும் வைத்திருந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் இங்கே விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். விரித்தவுடன் அலகு 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறதா?

பூட்டிக்கொண்டால் அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது. 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிக் கூர்மையான எதையும் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அதில் ஒரே ஒரு சலுகை: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத, அதாவது 7.62 சென்டிமீட்டருக்குள் இருக்கும், மடக்கும் பாக்கெட் கத்தி. பூட்டும் கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று 1990-களிலேயே நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. பொத்தானை அழுத்தினால்தான் மடங்கும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது சமையலறைக் கத்தி மாதிரிதான். அலகு எவ்வளவு குட்டியாக இருந்தாலும் சரி. அதிகபட்சத் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. விசாவில் இருக்கும் நமக்கு அதற்கெல்லாம் போக வேண்டியதே இல்லை, ஒரு சின்ன வழக்கே தலைவலி.

நானும் இதில் மாட்டப் பார்த்தவன்தான். வந்த புதிதில் இணையத்தில் எட்டு பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். 'கேம்பிங் கத்தி' என்று போட்டிருந்தது. விரலால் லேசாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மீதி வேலையைச் செய்துவிடும். ஆபீசில் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். மனிதர் முகம் மாறிவிட்டது. "முதலில் இதை உள்ளே வை" என்றார். அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் உதவியால் திறப்பவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ளிக் கத்திக் கணக்கில், அதாவது பொத்தானைத் தட்டினால் அலகு தானாகப் பாய்ந்து திறக்கும் கத்திகளின் கணக்கில், சேர்த்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலையிலிருந்து அவற்றை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். சில காவல் நிலையங்களில் கத்திகளைப் போட்டுவிட்டுப் போக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு பவுண்டும் அதற்குள் போனது.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் வேறு. கிடங்கிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் அட்டைப் பெட்டி அறுக்கிற பாக்ஸ் கட்டரைப் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். வேலை நேரத்தில் அது கருவி, காரணம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு நண்பர்களோடு ஊர் சுற்றும்போது அதே ஜாக்கெட்டில் கிடந்தால் காரணம் இல்லை. "மறந்துட்டேன் சார்" என்பது மட்டும் போதாது. வேலை முடிந்ததும் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். கார் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைப்பதும் பத்திரம் இல்லை, தெருவில் நிற்கும் காரும் பொது இடம்தான். கடையில் வாங்கிய சமையல் கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோவதில் சிக்கல் இல்லை. பேக்கிங்கைப் பிரிக்காமல், ரசீதோடு நேரே வீட்டுக்குப் போங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது?

என் கை தானாகப் போவது விக்டோரினாக்ஸ் கிளாசிக் பக்கம். மடக்கினால் 58 மில்லிமீட்டர்தான். சின்ன அலகு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், முள் எடுக்கும் கவ்வி. விலை இருபது பவுண்டைச் சுற்றி வரும். அலகைவிட அந்தக் கத்தரிக்கோலைத்தான் நான் நூறு மடங்கு பயன்படுத்தியிருப்பேன். பழம் நறுக்க இது பத்தாது என்றால் அதே நிறுவனத்தின் ஸ்பார்ட்டன். 91 மில்லிமீட்டர் நீளம், டப்பா திறப்பானும் உண்டு, சில பவுண்டு கூடுதல்.

இன்னும் மலிவாக வேண்டும் என்பவர்களுக்கு பிரான்ஸின் ஒப்பினெல். பீச் மரப் பிடி, மெல்லிய அலகு, வெங்காயத்தைக் காகிதம் போல சீவும். ஆனால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எல்லோரும் புகழ்கிற 8-ஆம் எண்ணில் அலகு 8.5 சென்டிமீட்டர், போதாததற்குப் பிடியின் கழுத்தில் ஒரு வளையம் சுழன்று அலகைப் பூட்டும். அந்த வளையம் 6-ஆம் எண்ணிலிருந்தே வந்துவிடுகிறது. உங்களுக்கானது 5 அல்லது அதற்குக் கீழே. அதில் கார்பன் எஃகு, ஐநாக்ஸ் (எளிதில் துருப்பிடிக்காத எஃகு) என்று இரண்டு வகை. கார்பன் எஃகில் எலுமிச்சை நறுக்கினால், வாழைக்காய் அரிந்த நம் அரிவாள்மனை போலக் கறுத்துப்போகும், ஈரத்தில் துருவும் பிடிக்கும். இந்த ஊர் மழைக்கு ஐநாக்ஸ்தான் சரி. மரப்பிடியை மட்டும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், உப்பிக்கொண்டு அலகைத் திறக்க விடாது.

பூட்டில்லாத கத்திக்கு ஒரு குணம் உண்டு. விக்டோரினாக்ஸில் அலகைப் பிடித்து வைத்திருப்பது முதுகுப் பக்க ஸ்பிரிங் மட்டும், சின்ன ஒப்பினெலில் வெறும் இறுக்கம்தான். நுனியால் குத்தினாலோ, முதுகை எதிலாவது அழுத்தினாலோ அலகு உங்கள் விரல் மேலேயே மடங்கும். இழுத்து அறுங்கள், குத்தித் துளைக்காதீர்கள். இடது ஆள்காட்டி விரலில் தழும்போடு சொல்கிறேன்.

வாங்கும்போது வயதுச் சான்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மூன்று அங்குலத்துக்குட்பட்ட பூட்டில்லாக் கத்திக்கு சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு கிடையாதுதான், ஆனாலும் பல கடைக்காரர்கள் வம்பு வேண்டாம் என்று கேட்பார்கள்.

இன்னொன்று. போலீஸ் நிறுத்தி எதற்கு இந்தக் கத்தி என்றால், பழம் நறுக்க என்றோ பார்சல் பிரிக்க என்றோ உள்ளதைச் சொல்லுங்கள். "பாதுகாப்புக்கு" என்று மட்டும் வாய் தவறியும் வரக் கூடாது. காயப்படுத்தும் நோக்கம் இருந்தால் குட்டிப் பேனாக்கத்தியும் ஆயுதம்தான், 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

அங்கேயும் இதே கணக்குதானா என்று ஜெர்மனியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது. ஒரு கையால் திறந்து, பூட்டவும் செய்கிற கத்தி போன்றவற்றை அங்கே பொது இடத்தில் தடுக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கோ இதே மூன்று அங்குலம்தான்.

ஊருக்குப் போகும்போது கத்தி பெரிய பெட்டிக்குள், விமானத்தின் அடியில் போகட்டும். என் முதல் கிளாசிக் சாவிக்கொத்தோடு கைப்பையில் கிடந்தது எனக்கே நினைவில்லை. சோதனைக்காரர் அதைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, சாவியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.