செப்பாங்கில் ஓடும் கே20க்கு டிரை சம்ப் தேவையா?

செந்தூல் கே20:
வணக்கம். என் கார் டிசி5 இன்டெக்ரா, எஞ்சின் கே20ஏ. சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி, கம்பெனி கொடுத்ததேதான். பிடிப்பு அதிகமான செமி-ஸ்லிக் டயர் மாட்டியதிலிருந்து செப்பாங் பந்தயப் பாதையில் ஒரு பிரச்சினை. 13ஆவது வளைவிலிருந்து 14க்குள் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பும்போது ஆயில் பிரஷர் 25 பிஎஸ்ஐக்கு விழுகிறது. எல்லாச் சுற்றிலும் அதே இடம். ஒரு வொர்க்‌ஷாப்பில் டிரை சம்ப் போடச் சொல்லி 18,000 வெள்ளி கேட்கிறார்கள். போடலாமா?

ஜெலுத்தோங் 911:
போடு தம்பி, யோசிக்காதே. 1 ஜி விசையில் திரும்பினால் சம்பில் இருக்கும் எண்ணெய் 45 பாகை சாய்ந்து நிற்கும், தட்டைச் சாய்த்தால் ரசம் ஓரத்துக்கு ஓடுகிற மாதிரி. சம்பிலிருந்து எண்ணெயை இழுக்கும் பிக்கப் பைப்பின் வாய் வெளியே வந்துவிட்டால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் ராட் பேரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது, காற்று அந்தச் சுமையைத் தாங்காது. 8,000 ஆர்பிஎம்மில் ஒரு விநாடிக்குக் கிராங்க் 133 தடவை சுற்றுகிறது. பேரிங் போக அது போதும்.

டிரை சம்பில் எண்ணெய் சம்பில் தங்குவதே இல்லை. ஸ்கேவெஞ்ச் பம்புகள் அதை உறிஞ்சி உயரமான தனி டேங்குக்கு அனுப்பும். எண்ணெயோடு காற்றும் நுரையும் கலந்து வருவதால் பிரஷர் பம்ப் தள்ளுவதைவிட அதிகமாக இழுக்கும் அளவில்தான் அவற்றை அமைப்பார்கள். டேங்கில் எண்ணெய் சுழன்று இறங்கும்போது காற்று பிரிந்துவிடும். கார் எப்படித் திரும்பினாலும் டேங்கின் அடியில் எண்ணெய் இருக்கும். கிராங்க் எண்ணெயை அடித்துக்கொண்டு சுற்றாததால் கொஞ்சம் பவரும் மிச்சம். போர்ஷே 1964லேயே 911இல் இதைப் போட்டது. 2006 கார்வெட் ஸீ06உம் டிரை சம்ப்தான். இரண்டும் ரோட்டில் ஓடும் கார்கள்.

ஈப்போ ரோடு கராஜ்:
ஜெலுத்தோங் அண்ணே, அந்த இரண்டும் ஃபேக்டரியிலேயே அப்படி வடிவமைத்து வந்தவை. தம்பி செய்யப்போவது அது இல்லை. கே20ஏவின் பம்ப் எஞ்சினுக்குள்ளே செயினில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு, வெளியே பெல்ட்டில் ஓடும் பம்பை மாட்டப்போகிறோம். ஒரு கல் தெறித்தோ பிராக்கெட் ஆடியோ அந்த பெல்ட் கழன்றால் பிரஷர் அந்தக் கணமே பூஜ்யம். போதாக்குறைக்கு டேங்குக்குப் போய்வரும் தடித்த ஹோஸ்கள், அத்தனை இணைப்புகள், எல்லாம் எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில். ஒன்று கசிந்தால் தீ.

எஞ்சினைத் தாழ்த்தி வைக்கலாம் என்பது டிரை சம்பின் பெரிய லாபம். முன்சக்கர இயக்கக் காரில் கியர்பாக்ஸும் டிரைவ்ஷாஃப்டும் எஞ்சினோடு சேர்ந்தே இருக்கின்றன, எவ்வளவு தாழ்த்த முடியும்? அந்த லாபம் இங்கே ஏறக்குறைய இல்லை. பேஃபிளும் (எண்ணெய் அலையாமல் தடுக்கும் தகடு) கதவுத் தடுப்பும் வைத்த சம்ப் போடு. எண்ணெயை அரை லிட்டர் கூட ஊற்று. போதாவிட்டால் அக்யூசம்ப், பிரஷர் விழும்போது எண்ணெய் தள்ளிக் கொடுக்கும்.

ஜெலுத்தோங் 911:
அக்யூசம்ப் ஒரு உருளை, அதில் சேர்த்து வைத்த எண்ணெய் அவ்வளவுதான். நீண்ட வளைவில் சில விநாடியில் காலி. திரும்ப நிரம்ப எண்ணெய் எங்கிருந்து வரும்? அதே சம்பிலிருந்து. அடுத்த வளைவுக்குள் சம்பின் மட்டம் குறைந்திருக்கும். கூட ஊற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு, கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும், எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாக இன்டேக்குக்கும் போகும். டிரை சம்பில் எண்ணெயின் கொள்ளளவே அதிகம், நம் வெயிலுக்கு அதுவும் ஒரு பலம்.

கிள்ளான் லாகர்:
இரண்டு பேரும் ஒன்றைக் கேட்கவில்லை. அந்த 25 எந்த ஆர்பிஎம்மில்? 14இல் கியர் இறக்கி வருகிறோம், ஆர்பிஎம் குறைந்தால் பிரஷரும் குறையத்தான் செய்யும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. அதே ஆர்பிஎம், அதே எண்ணெய்ச் சூட்டில் நேர்ப்பாதையில் எவ்வளவு காட்டுகிறது? டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை நம்பாதே, பிரஷர் சில பிஎஸ்ஐக்கு இறங்கிய பிறகுதான் அது எரியும்.

செந்தூல் கே20:
பிரஷரையும் ஆர்பிஎம்மையும் பதிவு செய்யும் லாகரில் இப்போது பார்த்தேன் அண்ணே. 14இல் 5,200 ஆர்பிஎம், 25 பிஎஸ்ஐ, ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக. அதே ஆர்பிஎம்மில் நேர்ப்பாதையில் 58. 5, 6 வளைவுகளில் விழவே இல்லை.

கிள்ளான் லாகர்:
அப்படியானால் விழுவது நிஜம். ஆனால் வேகமான நீண்ட வளைவுகளில் தாங்குகிறது. பிரேக்கும் திருப்பமும் சேர்ந்து எண்ணெயை ஒரு மூலைக்குத் தள்ளுகிற இடத்தில் மட்டும் பிக்கப் திணறுகிறது.

ஈப்போ ரோடு கராஜ்:
அதைத்தான் சொல்கிறேன். ஒரு மூலைக்கு ஓடுவதைத் தடுக்கத்தானே பேஃபிளும் கதவும்? 18,000 வெள்ளியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. மிச்சத்தில் நல்ல ஆயில் கூலர் போடலாம்.

ஜெலுத்தோங் 911:
இன்றைக்கு செமி-ஸ்லிக். நாளைக்கு ஸ்லிக்கும் விங்கும் மாட்டுவான், அப்போது 5லும் 6லும் இதே கதை வரும். டைம் அட்டாக் (சுற்று நேரப் போட்டி) ஓட்டும் எண்ணம் இருந்தால் இரண்டு தடவை செலவு செய்யாதே என்றுதான் சொல்கிறேன். பெல்ட் பயம் நியாயமானது. அதற்குக் கவசம் போடலாம், ஒவ்வொரு ட்ராக் டேக்கும் முன்னால் சோதிக்கலாம்.

ஈப்போ ரோடு கராஜ்:
அவன் சனிக்கிழமை ட்ராக் டே முடித்து அதே காரில் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவன் அண்ணே.

தம்பி, எதை வாங்குவதற்கு முன்னாலும் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார். மினுமினுவென்று துகள் இருந்தால் சம்பை இறக்கி ராட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் டிரை சம்ப் போட்டால் அந்தத் துகள் டேங்க், கூலர், ஹோஸ் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜெலுத்தோங் 911:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முதலில் ஃபில்டர். வெட்டும்போது ரம்பம் வேண்டாம், அதன் தூளே இரும்புத் துகளாகத் தெரியும். கட்டர் வாங்கு.

செந்தூல் கே20:
சரி அண்ணே. நாளைக்கு ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் படம் போடுகிறேன். சுத்தமாக இருந்தால் பேஃபிள் சம்ப் போட்டு 14இல் லாகரை மறுபடி பார்க்கிறேன். அதற்கு மேலும் விழுந்தால் டிரை சம்ப் பற்றி ஜெலுத்தோங் அண்ணனிடம் வருகிறேன்.