வாடகை வீட்டில் கருகிய சாக்கெட்: செலவை ஏற்க வேண்டியவர் யார்?

கேள்வி

வணக்கம். நான் 14 மாதங்களாகக் குடியிருக்கும் வாடகை வீட்டில், வாட்டர் ஹீட்டருக்கென்றே முன்பு பொருத்தப்பட்டிருந்த 16 ஆம்பியர் சாக்கெட் சென்ற வாரம் கருகிவிட்டது. இரண்டு மூன்று நாட்களாகவே பிளாஸ்டிக் தீயும் வாடை லேசாக வந்தும், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. பிளக்கை உருவிய அன்றுதான் வலப்பக்கத் துளையின் விளிம்பு உருகிப் பழுப்பேறியிருந்ததைப் பார்த்தேன். இத்தனைக்கும் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. ஹீட்டர் என்னுடையது, 2000 வாட். அதன் பளு தாங்காமல்தான் சாக்கெட் எரிந்தது, எனவே செலவு என்னுடையது என்கிறார் உரிமையாளர். ஒப்பந்தத்திலோ "சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. இது சிறு பழுதுதானா? வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் பெரிதும் கவலையாக இருக்கிறது.

பதில் 1

நான் வயரிங் வேலை செய்பவன். முதலில் அந்த இணைப்புக்கான எம்.சி.பி.யை இறக்கி வையுங்கள். சரிசெய்யும் வரை அந்த சாக்கெட்டைத் தொட வேண்டாம்.

யார் செலவு என்பதைப் பழுதின் காரணமே சொல்லிவிடும். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அதிகப் பளுவே அல்ல. பொதுவாக இப்படிக் கருகுவது, உள்ளே ஒயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்ததாலோ, பிளக்கைக் கவ்வும் பித்தளைத் தகடு விரிந்துவிட்டதாலோதான். தொடர்பு சரியாக இல்லாத இடத்தில் மின்தடை கூடி அங்கே மட்டும் சூடேறும். ஓடும் மின்னோட்டம் கூடாததால் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. உங்கள் வீட்டில் அது விழாததற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைத் திறக்கும்போது உரிமையாளரையும் உடன் இருக்கச் சொல்லுங்கள். திருகை ஒட்டி மட்டும் ஒயர் கருகி, அதற்கப்பால் உறை மிருதுவாகவே இருந்தால் அது தளர்ந்த இணைப்பு. பழைய பொருத்துகையின் தேய்மானம் என்பதால் செலவு உரிமையாளரைச் சாரும் என்பதே என் கருத்து. ஒயரின் நீளம் முழுவதும் உறை வெந்து இறுகியிருந்தால், என்னென்ன சாதனங்கள் அதில் ஓடின என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். பிளக்கின் பின்னையும் பாருங்கள். அது ஆடினாலோ கறுத்திருந்தாலோ பிளக்கை நீங்கள்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிய சாக்கெட்டும் இதே கதிக்கு ஆளாகும்.

பதில் 2

நான் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். சுவருக்குள் செல்லும் ஒயர், மெயின் போர்டு, எர்த் ஆகியவற்றை என் பொறுப்பாகவும், பல்பு, டியூப்லைட், குடியிருப்பவர் கொண்டுவந்த சாதனங்கள் ஆகியவற்றை அவர் பொறுப்பாகவும் கருதுகிறேன். சண்டை வருவதெல்லாம் இடையிலுள்ள சுவிட்ச், சாக்கெட்டில்தான். முன்பு ஒருவர் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நீட்டிப்பு ஒயர் போட்டு, என்னிடம் கேட்காமலேயே ஏ.சி. ஓட்டினார், சுவரிலிருந்து உருவிய ஒயர் முழுவதும் உருகியிருந்ததைப் பார்த்தபின் அவரே செலவை ஏற்றுக்கொண்டார். உங்கள் நிலை அதுவன்று. ஆனால், சொல்லாமல் சரிசெய்துவிட்டு வாடகையில் கழித்துவிடாதீர்கள்; உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அது வீண் பகையாகிவிடும். புகைப்படத்தோடு தேதியிட்டு எழுத்தில் தெரிவித்து, மதிப்பீட்டுக்கு அவர் ஒப்புதலைப் பெற்றபின் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று உரிமையாளர் முன்னிலையில் சாக்கெட்டைத் திறந்தோம். திருகு கையாலேயே சுழன்றது; ஒயர் முனையில் ஒரு விரற்கடை அளவு மட்டும் கரியாக உதிர, அதற்கு மேல் சிவப்பு உறை புதிதுபோல் இருந்தது. அதைத் தம் கையாலேயே வளைத்துப் பார்த்த உரிமையாளர், சாக்கெட்டுக்கும் கூலிக்கும் தாமே தருவதாகச் சொல்லிவிட்டார். என் பிளக்கின் ஒரு பின் கறுத்திருந்ததால் அதை நான் மாற்றிக்கொண்டேன். மற்ற சாக்கெட்டுகளின் திருகுகளையும் இறுக்கித் தரும்படி அவரே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டார். சமையலறையில் இன்னும் ஒன்று தளர்ந்திருந்தது.